பத்தாம் பாகத்தில் என்னதான் பிரச்சினை? ‘வீல் ஆஃப் டைம்’ வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மாயாஜால நாவல் தொடரை எடுத்தவர்கள் ஏழெட்டுப் பாகம் தாண்டியதும் யாராவது ஒருவர் வந்து பயமுறுத்துவார்: “இன்னும் பத்தாவதுக்கு வரலையா? வா, அப்போ தெரியும்.” அந்தப் பத்தாவது, 2003 ஜனவரி 7 அன்று வெளிவந்த ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’. தொடரில் இவ்வளவு திட்டு வாங்கிய பாகம் வேறு இல்லை. நான் அதை மூன்று முறை படித்திருக்கிறேன். முதல் முறை பல்லைக் கடித்துக்கொண்டு, மற்ற இரண்டு முறையும் விரும்பியே. என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இதைப் படித்தால் கதை தெரிந்துவிடுமா?

தெரிந்துவிடும். பத்தாம் பாகம் வரைக்கும் தாராளமாகச் சொல்லியிருக்கிறேன், பதினொன்றைப் பற்றியும் ஒன்றிரண்டு வரிகள் உண்டு. கடைசிப் போரைப் பற்றி எதுவும் இல்லை. ஒன்பதாம் பாகத்தை முடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு அப்புறம் வாருங்கள்.

வாசகர்களுக்கு அப்படி என்ன கோபம்?

அதற்கு ஒன்பதாம் பாகத்தின் முடிவிலிருந்து தொடங்க வேண்டும்.

2000 நவம்பரில் வந்த ‘வின்டர்ஸ் ஹார்ட்’ நாவலின் கடைசி அத்தியாயத்தில், தொடரின் மிகப் பெரிய சம்பவங்களில் ஒன்று நடக்கிறது. இந்தக் கதையுலகின் மாயசக்திக்கு ஒற்றைச் சக்தி என்று பெயர், அதன் ஆண் பாதி சயிடீன். அதில் கதையின் பெரிய வில்லனான இருளோன் கலந்த நஞ்சால் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, சக்தி வாய்த்த ஆண்கள் பைத்தியம் பிடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் ராண்டும் நைனீவும் சேர்ந்து அந்த நஞ்சைக் கழுவிவிடுகிறார்கள். இடம் ஷாடார் லோகோத் என்ற பாழ்நகரம். அந்த வேலை முடியும்போது நகரமே காணாமல் போகிறது. எதிரிகள் நாலா பக்கமும் சூழ்ந்து வர, சுற்றி நின்றவர்கள் ஒருநாள் பொழுதுக்கு அவர்களைத் தடுத்து நிறுத்துகிறார்கள். ஒன்பது பாகம் காத்திருந்ததற்கான பலன் அது.

புத்தகத்தை மூடியவர்கள் மனதில் ஒரே கேள்விதான்: சரி, இனி உலகம் எப்படி மாறும்? பதிலுக்கு 26 மாதம் காத்திருந்தார்கள்.

பத்தாம் பாகம் வந்தது. திறந்தால் கதை முன்னே போகவில்லை, பின்னே போயிருந்தது. அந்தக் கழுவல் நடப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தொடங்கி, மேட் ஒரு பக்கம், பெரின் ஒரு பக்கம், எலைன், எக்வீன் என்று ஒவ்வொரு கூட்டமாக அதே நாளை நோக்கி நகர்கிறது. சக்தியைக் கையாளத் தெரிந்தவர்கள் எல்லாரும் தொலைவில் ஏதோ பிரம்மாண்டமாக நடப்பதை உணர்கிறார்கள். கவலையோடு அந்தத் திசையைப் பார்க்கிறார்கள். “அது என்னவாக இருக்கும்?” என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அடுத்த கூட்டம் வருகிறது. அவர்களும் அதே திசையைப் பார்க்கிறார்கள்.

பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கே நேரில் போய் வாணவேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இங்கே நாலு தெருக்காரர்கள், தெருவுக்குத் தெரு, “எங்கேயோ வெடிச் சத்தம் கேட்குதே?” என்று உங்களிடமே கேட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் கோபம்.

“ஒன்றுமே நடக்கவில்லை” என்கிறார்களே, உண்மையா?

இல்லை, ஆனால் அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. சம்பவங்களை மட்டும் எழுதிப் பார்த்தால் நிறையவே வரும். மேட், தான் கடத்தி வந்த ட்வானோடு ஒரு சர்க்கஸ் கூட்டத்தில் ஒளிந்து நாட்டைவிட்டு வெளியேறப் பார்க்கிறான். பெரின், ஷாய்டோ என்ற எதிரிக் கூட்டம் பிடித்துப் போன மனைவி ஃபெயிலைத் தேடுகிறான். கேம்லின் நகரத்துக்குள் எலைன் முற்றுகையில் இருந்தபடியே அரியணைக்கு ஆதரவு திரட்டுகிறாள். டார் வலோன் நகரத்துக்கு வெளியே எக்வீனின் படை கூடாரம் அடித்துக் காத்திருக்கிறது.

இந்த நான்கில் எதுவும் இந்தப் பாகத்தில் முடிவதில்லை என்பதுதான் சிக்கல். எக்வீன் கதையில் மட்டும் கடைசிப் பக்கங்களில் ஒரு பெரிய திருப்பம் உண்டு. மற்ற மூவரும் புத்தகம் தொடங்கும்போது எந்தக் கவலையில் இருந்தார்களோ, முடியும்போதும் ஏறக்குறைய அதே கவலையில்தான் இருக்கிறார்கள். எழுநூறு பக்கத்தை நெருங்கும் கெட்டி அட்டைப் புத்தகத்தை முடித்துவிட்டு அப்படி உணர்வது வலிக்கும்தான்.

ராண்ட் எங்கே போனான்?

கடைசிக் கால்வாசியில் ஓர் அத்தியாயத்தில் வருகிறான், முடிவுரையிலும் கொஞ்சம் வருகிறான். அவ்வளவுதான். உலகத்தையே புரட்டிப் போட்ட ஆள், அலுத்துக் களைத்துப்போய் ஒரு வீட்டில் பதுங்கி இருக்கிறான். தர்க்கப்படி அது சரிதான். அப்படி ஒரு வேலை செய்தவனுக்கு ஓய்வு வேண்டாமா? ஆனால் வாசகர்கள் தேடியது அவனைத்தான்.

காத்திருப்புதான் காரணம் என்கிறார்கள் சிலர். எவ்வளவு தூரம் சரி?

பாதிக்கு மேல் சரி. தேதிகளைப் பாருங்கள். முதல் பாகம் 1990 ஜனவரி. ஆறாவது 1994 அக்டோபர். அதாவது ஐந்து ஆண்டுகூட ஆகாமல் ஆறு தடிமனான புத்தகங்கள். வாசகர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: ஆண்டுக்கு ஒன்று, தீபாவளி மலர் மாதிரி. அதன் பிறகு ஏழாவது 1996, எட்டாவது 1998, ஒன்பதாவது 2000, பத்தாவது 2003.

இதோடு கதாபாத்திரங்கள் காணாமல் போகிற பிரச்சினை வேறு. ஏழாம் பாகத்தின் இறுதியில் மேட் மேல் ஒரு சுவர் இடிந்து விழுகிறது. எட்டாம் பாகத்தில் ஆளே இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரியவே நாலு வருடம் ஆனது. ஃபெயில் கடத்தப்பட்டது எட்டாம் பாகத்தில், மீட்கப்படுவது பதினொன்றில். கதைக்குள் சில மாதங்கள்தான், வெளியே 1998 முதல் 2005 வரை ஏழு ஆண்டுகள். கடத்தல் நடந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த வாசகர், மீட்புக்குள் வேலைக்கே போயிருப்பார். பெரின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் “ஃபெயிலைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை” என்று நினைப்பதை ஏழு ஆண்டு கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் சலிக்கும்.

மீதிப் பாதிக்குக் காத்திருப்பைக் காரணம் சொல்ல முடியாது. எல்லாப் பாகங்களையும் கையில் வைத்துக்கொண்டு இன்று படிப்பவர்களும் இங்கே தடுமாறத்தான் செய்கிறார்கள். கதையின் கடிகாரம் பின்னோக்கி ஓடுவது அமைப்பில் உள்ள கோளாறு. புத்தகம் சீக்கிரம் கைக்கு வந்தாலும் அது சரியாகாது.

எலைன் குளிக்கும் அத்தியாயத்தை ஏன் எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள்?

அந்தக் குளியல் இந்தப் பாகத்துக்கே அடையாளச் சின்னம் ஆகிவிட்டது. நகரத்தைச் சுற்றி எதிரிப் படை நிற்கிறது. இவள் தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்திருக்க, உரையாடல் அது பாட்டுக்குப் போகிறது. எந்தக் குடும்பம் யார் பக்கம், யார் யாருக்கு உறவு, எந்தப் பணிப்பெண் என்ன துணி உடுத்தியிருக்கிறாள் என்று எல்லாம் வரும். ஜோர்டனுக்குத் துணிமணி வர்ணனை என்றால் கொள்ளைப் பிரியம். கைப்பட்டியின் சரிகையைக்கூட விட மாட்டார். முன் பாகங்களில் அதை ரசித்தவர்கள்தான் இங்கே கத்தினார்கள்.

எனக்கும் எலைன் பகுதிதான் இந்தப் புத்தகத்தில் பலவீனமானது. அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

‘இழுவை’ எந்தப் பாகத்தில் தொடங்குகிறது?

ஆங்கில வாசகர்கள் இதற்கென்றே ‘ஸ்லாக்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நம் ‘இழுவை’ அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெரும்பாலானோர் எட்டு முதல் பத்து வரை என்பார்கள். ஏழையும் சேர்ப்பவர்கள் உண்டு. ஒன்பதாம் பாகத்தின் முடிவு அவ்வளவு பலமாக இருக்கும்போது அதை ஏன் சேர்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. என்னைக் கேட்டால் இழுவை என்பது ஒரே ஒரு பாகம், அதிலும் முதல் முக்கால்வாசி.

அப்படியானால் இதில் நல்லதே கிடையாதா?

உண்டு, அதற்காகத்தான் இரண்டு முறை திரும்பிப் போனேன். இரண்டு இடங்களைச் சொல்கிறேன். இரண்டும் பெரின் பகுதியில் வருபவை.

முதலாவது சோ ஹபோர். படைக்குத் தீனி வேண்டும், தானியம் வாங்கப் பெரின் ஓர் ஊருக்குப் போகிறான். ஊர் முழுக்க அழுக்கு. குளித்து எத்தனை நாள் ஆனதோ என்று நினைக்க வைக்கும் மக்கள், எதையோ கண்டு மிரண்ட கண்கள். கிடங்கில் தானியம் இருக்கிறது, விற்கவும் தயார். கொட்டிப் பார்த்தால் வண்டு. ஒன்றிரண்டு அல்ல, தானியத்துக்குச் சமமாக நெளிகிறது. வேறு வழியில்லாமல் அதையே வாங்கிப் புடைத்து எடுக்கிறார்கள். அந்த ஊரில் செத்தவர்கள் தெருவில் நடமாடுகிறார்கள் என்பது மெல்லத்தான் தெரிய வருகிறது.

இருளோன் பலம் பெறுவதைப் பல பாகங்களாகக் கனவு, குறி, தீர்க்கதரிசனம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், இங்கே ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிடுகிறார். அரிசியில் வண்டு விழுந்தால் வெயிலில் கொட்டிக் காயவைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த அத்தியாயம் வேறு மாதிரி உறைக்கும். மாயமந்திரக் கதைகளில் பசியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது குறைவு.

இரண்டாவது, கோடரி. முதல் பாகத்தில், ஓநாய்களோடு பேசத் தெரிந்த எலயாஸ் பெரினிடம் சொல்கிறான்: கோடரியைப் பயன்படுத்த உனக்கு வெறுப்பாக இருக்கும்வரை வைத்துக்கொள், வெறுப்பு போய்விட்டால் தூக்கி எறிந்துவிடு. அது 1990. இந்தப் பாகத்தில் ஃபெயில் இருக்கும் இடத்தைச் சொல்ல மறுக்கும் ஷாய்டோ கைதிகளைச் சித்திரவதை செய்துகொண்டிருக்கிறார்கள். பெரின் வருகிறான். ஒரு கைதியின் கையை வெட்டுகிறான். மற்றவர்களுக்கு என்ன செய்யப்போகிறான் என்பதை நிதானமாகச் சொல்கிறான். பிறகு அங்கிருந்து நகர்ந்து, கோடரியை ஒரு மரத்தில் பதியும்படி வீசிவிட்டு, எடுக்காமல் நடந்துவிடுகிறான்.

பதின்மூன்று ஆண்டுக்கு முன் சொன்ன ஒரு வரிக்கு இங்கே கணக்கு தீர்கிறது. ஜோர்டன் இதற்கு வசனமோ விளக்கமோ வைக்கவில்லை. அவர் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி வீரராக இருந்தவர். ஒரு நல்ல மனிதன் நல்ல காரணத்துக்காக எவ்வளவு தூரம் போவான் என்பதை வெளியில் இருந்து எழுதியதாக அந்த அத்தியாயம் எனக்குத் தோன்றவில்லை. “ஒன்றுமே நடக்கவில்லை” என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கோடரியைப் படித்தீர்களா, இல்லை அதற்கு முன்பே பக்கத்தைத் தள்ள ஆரம்பித்துவிட்டீர்களா?

மேட், ட்வான் பகுதியும் கலகலப்பானதுதான். மேட் ‘ஒன்பது நிலவுகளின் மகளை’ மணப்பான் என்று நாலாம் பாகத்திலேயே குறி சொல்லியாயிற்று. அவள் ட்வான்தான் என்று தெரிந்த பிறகு, கடத்தியவனும் கடத்தப்பட்டவளும் ஒருவரை ஒருவர் எடை போடும் விளையாட்டு இது. அவள் அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் ‘பொம்மை’ என்கிறாள். ஊரையே ஏமாற்றும் சூதாடி, பட்டுத் துணியில் செய்த ரோஜா மொட்டுகளைப் பரிசாகக் கொடுத்துவிட்டு முழிப்பதைப் பார்க்கலாம்.

இவ்வளவு திட்டு வாங்கியதே, விற்பனை விழுந்ததா?

விழவில்லை. நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் நேராக முதலிடம். எட்டாவது, ஒன்பதாவது பாகங்களும் அப்படித்தான். கோபப்பட்டவர்களும் வாங்கியவர்களே. சொல்லப்போனால் முதல் வாரத்தில் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் அவ்வளவு கோபம் வரும். அமேசானில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து நீண்ட நையாண்டி எழுதினார்கள். துணியைச் சரிசெய்வது, பின்னலை இழுப்பது, தேநீர் குடிப்பது என்று ஜோர்டன் பாணியிலேயே கேலிக்கதை எழுதியவர்களும் உண்டு. பல ஆயிரம் பக்கங்களைக் கரைத்துக் குடித்தவர்களால்தான் அப்படி எழுத முடியும்.

ஜோர்டன் இதற்கு என்ன சொன்னார்?

ஒரே நாளைப் பல கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டும் அந்த அமைப்பு வேண்டுமென்றே செய்த சோதனை என்றும், நினைத்தபடி அது அமையவில்லை என்றும் பிற்பாடு ஒப்புக்கொண்டார். எழுத்தாளர்கள் அவ்வளவு சுலபமாக இப்படிச் சொல்லிவிட மாட்டார்கள்.

அதற்கு முன்னால் வாசகர்கள் பொறுமையை அவர் இன்னொரு முறையும் சோதித்தார். அடுத்து எல்லாரும் பதினொன்றாம் பாகத்தை எதிர்பார்க்க, 2004 ஜனவரியில் ‘நியூ ஸ்பிரிங்’ என்ற முன்கதை வந்தது. 1998இல் எழுதிய குறுநாவலை விரித்து எழுதியது. நல்ல புத்தகம்தான், வந்த நேரம் சரியில்லை.

பதினொன்றாம் பாகத்தில் வேகம் திரும்புகிறதா?

திரும்புகிறது. 2005 அக்டோபரில் வந்த ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’ பத்தாவதில் தொங்கிய கயிறுகளில் பலவற்றைக் கட்டி முடிக்கிறது. ஜோர்டன் முழுதாக எழுதி முடித்த கடைசிப் பாகமும் அதுவே. 2006இல் தனக்கு இதயத்தைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் இருப்பதை வாசகர்களுக்கு அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று, 58 வயதில் காலமானார்.

அப்படியானால் பிராண்டன் சாண்டர்சன் வந்ததற்குப் பத்தாம் பாகத்தின் மேல் இருந்த அதிருப்தி காரணமில்லையா?

துளியும் இல்லை. இந்தக் கேள்வி எப்படிக் கிளம்பியதோ! ஜோர்டனின் மனைவியும் தொடரின் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல்தான், கணவர் இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு தொடரை முடிக்கச் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே பாகமாகத் திட்டமிட்டது மூன்றாகி, 2009, 2010, 2013 என்று வந்தது.

ஆனால் ஒன்று. 2007க்குப் பிறகு பத்தாம் பாகத்தைத் திட்டும் குரலில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை “இந்த மனுஷன் நம்ம காலத்தை வீணாக்குறார்” என்று பேசியவர்கள், காலம் இல்லாமல் போனது அவருக்குத்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் தணிந்தார்கள்.

டிவி தொடரில் இந்தப் பாகம் எப்படி வந்தது?

வரவே இல்லை. 2021இல் பிரைம் வீடியோவில் தொடங்கிய தொடர் மூன்று பருவங்களோடு 2025 மே மாதம் நிறுத்தப்பட்டது. மூன்றாம் பருவம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் நாலாம் பாகத்தின் கதை. எலைன் குளியலைப் படமாக்கும் தலைவலி யாருக்கும் வரவில்லை.

ஒலிப்புத்தகமாகக் கேட்டால் தாங்குமா?

தாங்கும். மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் இருவரும் வாசிக்கிறார்கள். ஆண் பார்வையில் போகும் பகுதிகளை அவர், பெண் பார்வையில் போவதை இவர். கேம்லின் அரியணைப் பேச்சுகளைப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டால் அவ்வளவு கனமாகத் தெரியாது.

பத்தாவதைத் தாண்டிவிட்டு நேராகப் பதினொன்றுக்குப் போகலாமா?

சுருக்கம் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கதையும் புரியும். ஆனால் ஒரேயடியாகத் தாண்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர்களில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். தொடரில் பெயர் உள்ள பாத்திரங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல், சக்தியைக் கையாளும் ஐஸ் செடாய் பெண்களே ஒரு பட்டாளம். முன்னுரையே ஒரு குறுநாவல் அளவு. யார் யார் என்று பிடிபடவில்லையே என்று அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள், அப்படியே ஓட்டுங்கள்.

நான் நண்பர்களுக்குச் சொல்லும் வழி: மேட் பகுதிகளை முழுதாகப் படியுங்கள். பெரின் பகுதியின் முற்பாதியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 26, 27 இரண்டு அத்தியாயங்களையும் நிதானமாகப் படியுங்கள். எலைன் பகுதிக்குச் சுருக்கம் போதும். எக்வீனைக் கடைசி அத்தியாயத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசித் திருப்பம் என்கிறீர்களே, அது என்ன?

முப்பதாவது அத்தியாயம். டார் வலோன் துறைமுகத்தை அடைத்துவிட, அதன் இரும்புச் சங்கிலியை யாராலும் உடைக்க முடியாத குவெண்டிலாராக மாற்ற வேண்டும். போட் என்ற இளம்பெண் போக வேண்டிய வேலை. எக்வீன் அவளை அனுப்பாமல், இருட்டில் ஒரு சின்னப் படகில் தானே போகிறாள். சங்கிலியில் கை வைத்து வேலையையும் முடித்துவிடுகிறாள். அடுத்து ஒன்று நடக்கிறது, அதோடு அத்தியாயம் சட்டென்று நின்றுவிடும்.

அதனால் பதினொன்றாம் பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு இரண்டு நாள் கூரியர்காரருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். 2003இல் படித்தவர்கள் 33 மாதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.